உங்களுக்குத் தெரியுமா? ஆப்பிரிக்கக் காடுகளில் ரேபிஸ்

● எத்தியோப்பிய ஓநாய்களில் வளர்ந்தவை இன்று 500 கூட இல்லை. பாதிக்கு மேல் வாழ்வது பாலே மலைகளில், 3,000 மீட்டருக்கும் உயரத்தில். எலி பிடிக்கத் தனித்தனியாகத்தான் கிளம்பும். ஆனால் விடியற்காலையிலும் அந்தியிலும் குடும்பமே கூடி, மூஞ்சியோடு மூஞ்சி உரசி, வாயை நக்கிக் குசலம் விசாரிக்கும். எச்சிலில் பரவும் கிருமிக்கு இதைவிட வசதி வேறென்ன? மாடு மேய்ப்பவர்களோடு மலையேறி வரும் நாய்களில் ஒன்றுக்கு நோய் இருந்தால் போதும். 2003-04இல் அங்குள்ள வெப் பள்ளத்தாக்கில் ஓநாய்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு மாண்டன.

● அத்தனை ஓநாய்களையும் பிடித்து ஊசி போடுவது நடக்கிற காரியமா? தேவையும் இல்லை என்று 2006இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்கு வந்தது. 20 முதல் 40 சதவீத ஓநாய்களுக்குப் போட்டாலே பேரழிவைத் தடுத்துவிடலாம். 2018 முதல் ஊசியும் இல்லை. ஆட்டிறைச்சித் துண்டுக்குள் மருந்துப் பொட்டலத்தை ஒளித்து வைக்கிறார்கள். ஓநாய் கடிக்கும்போது பொட்டலம் கிழிந்து மருந்து வாய்க்குள் பரவும். அவ்வளவுதான் வேலை!

● இலை தின்னும் விலங்கையும் ரேபிஸ் விடாது. நமீபியாவில் 1977இல் தொடங்கிய நோயில் குடு மான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. கடிக்காத மானிடமிருந்து மானுக்கு எப்படிப் பரவியது? முள்மரத்தில் மேயும்போது ஒன்றின் எச்சில் இன்னொன்றின் வாய்ப்புண்ணில் பட்டிருக்கும் என்கிறார்கள்.

● தென்னாப்பிரிக்காவின் மஞ்சள் கீரியிடம் இருப்பது நாய்களின் ரேபிஸ் அல்ல. கீரிகளுக்கென்றே தனி வகை. கறையான் தின்று பிழைக்கும் வௌவால்காது நரியோ நாய் வகையையே அந்நாட்டின் மேற்குப் பகுதியில் அணையாமல் வைத்திருக்கிறது.

● 2009 மே மாதம். தான்சானியாவின் செரெங்கெட்டி வட்டாரத்தில் ஒரு புனுகுப்பூனை குழந்தையைக் கடித்தது. அதைக் கொன்று மூளையைச் சோதித்தார்கள். ‘ரேபிஸ்தான்’ என்றது ஒரு சோதனை. ரேபிஸ் மரபணுவைத் தேடிய அடுத்த சோதனையோ கையை விரித்தது. ரேபிஸின் தூரத்து உறவான, யாரும் அதுவரை கண்டிராத வைரஸ் அது! கிடைத்த ஊரின் பெயரால் ‘இகோமா’ என்றார்கள். புனுகுப்பூனை அதன் சொந்த வீடல்ல, எங்கிருந்தோ தொற்றிக்கொண்டதுதான் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்று நாம் போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி இதனிடம் செல்லாது என்பதுதான் கவலை.

● ரேபிஸின் உறவு இகோமா மட்டுமல்ல. நைஜீரியாவில் 1956இல் பழந்தின்னி வௌவாலிடம் கிடைத்த ‘லாகோஸ் வௌவால் வைரஸ்’ பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ஒரு நீர்க்கீரியின் மூளையில் இருந்தது.

● செரெங்கெட்டியில் 1994இல் சிங்கங்கள் வலிப்பு வந்து விழத் தொடங்கின. சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, செத்தன. ரேபிஸ் அல்ல, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், நம் தட்டம்மைக் கிருமிக்கு உறவு. வேடிக்கை என்னவென்றால், அதே சிங்கங்களிடையே டிஸ்டெம்பர் முன்பும் சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது. இந்த முறை மட்டும் ஏன் இப்படி? 1993இன் வறட்சியில் காட்டெருமைகள் மெலிந்தன, உடம்பெல்லாம் உண்ணி. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணிவழி இரத்தத் தொற்றும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாய் வந்ததில்தான் அத்தனை சாவு. டிஸ்டெம்பரைப் பரப்பிய பழி முழுதும் ஊர் நாய்கள் மேல் விழுந்தது. சுற்றுக் கிராமங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவற்றிடம் டிஸ்டெம்பர் குறைந்தது; சிங்கங்களிடமோ தொற்று நிற்கவில்லை. இப்போது பிற காட்டு விலங்குகள் மேலும் சந்தேகம்.