கூத்தின் ஓரிரவும் சிறிய மடிக்கணினியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவது நம்மவர் மரபு. ஞாயிறு எழுகின்ற கரையிலும் அது படுகின்ற கரையிலும் உள்ள ஊர்களிலே வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் இன்றும் ஆடப்பெற்று வருகின்றன. களரியைச் சுற்றிப் பாய் விரித்து அமர்ந்தோரின் நினைவில் மாத்திரமே முன்னர் தங்கியிருந்த ஆட்டத்தை இக்கால மாணவர் கைபேசியிலும் சிறு கமராவிலும் பதிவு செய்து கொள்கின்றனர். வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், பதிவு செய்த பின் நிகழ்வது யாது? எடுத்தவற்றை வெட்டித் தொகுப்பதற்கு வீட்டிலுள்ள கணினி இடங்கொடுப்பதில்லை. ஆகவே மாணவன் தந்தையிடம் செல்கின்றான். தந்தை நம்மிடம் வருகின்றார்.

“சேர், இவனுக்கு வீடியோ வெட்டி ஒட்ட ஒரு லப்டொப் வேணுமாம். சின்னதாய், பஸ்ஸில கொண்டு போகக்கூடியதாய் இருந்தாப் போதும். எதை வாங்குறது?”

இவ்வினாவை இலேசானதென்று எண்ணிவிடலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்தது. பழைய நிலைக்கு அது மீளவில்லை. இறக்குமதியாகும் கணினியின் விலையும் மீளவில்லை. நடுத்தரக் குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்தோ, தவணை முறையிலோ வாங்கும் பொருள் இது. ஒரு முறை தவறினால் மறுமுறை வாங்குதல் பல்லாண்டுகளுக்கு இயலாது.

தொகுத்தல் என்பது நம் கூத்துக்குப் புதிய செயலன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றிய காலை, விடியும்வரை ஆடும் மட்டக்களப்புக் கூத்தினைச் சுருக்கி, நகர மக்கள் ஒரே இருப்பில் கண்டு களிக்கும் வண்ணம் அமைத்தார். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற அதே வினாவே இன்று மாணவனின் மடிக்கணினியிலும் எழுகின்றது. வேறுபாடு ஒன்றுண்டு. அக்காலத்துத் திரைப்படத் தொகுப்பாளர் படச்சுருளைக் கையில் ஏந்தி வெட்டினார். 1,000 அடி நீளமுள்ள 35 மில்லிமீற்றர் சுருள் பதினொரு நிமிடந்தான் ஓடும். மாணவனின் கையிலோ சுருள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எண்களே உள்ளன. அவற்றின் பாரத்தை முதலில் அறிதல் வேண்டும்.

நான்கு கே எனப்படும் படத்தில், ஒவ்வொரு சட்டகத்திலும் 3,840க்கு 2,160 புள்ளிகள். ஏறக்குறைய 83 இலட்சம். வினாடிக்கு 100 மெகாபிற்று என்ற அளவிற் பதியும் கமரா, நிமிடத்திற்கு 750 மெகாபைற்றினை நிரப்பும். மணிக்கு 45 கிகாபைற்று. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி அதிகாலை ஐந்து மணிக்கு முடியும் கூத்தெனில் எட்டு மணி நேரம், 360 கிகாபைற்று! கடையில் மலிவாகக் கிடைக்கும் மடிக்கணினிகள் பலவற்றின் உட்கொள்ளளவு 256 கிகாபைற்றே. ஓர் இரவின் கூத்து அதனுள் அடங்காது என்பது கடைக்குச் செல்லுமுன்னரே தெளிவாகின்றதன்றோ?

இடம் போதாமை ஒருபுறமிருக்க, பெரிதும் இடர்ப்படுத்துவது வேறொன்று. இக்கமராக்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக எழுதுவதில்லை. ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதி, அதன்பின் வருவனவற்றில் மாறிய பகுதியை மாத்திரம் குறித்துக்கொள்கின்றன. ஏட்டுப் பிரதி எழுதுவோன், முதற் பக்கத்தை முழுதும் எழுதிவிட்டு, “இரண்டாம் பக்கம் முன்னதே, மூன்றாம் வரியில் மட்டும் இன்ன மாற்றம்” என்று குறித்து வைப்பதைப் போன்றது இது. ஏடு சிறிதாகும், படிப்பவன் பாடோ பெரிதாகும். நடுவிலே ஒரு பக்கத்தைப் பார்க்க விரும்பினால், முற்பக்கங்களிலிருந்து கணக்கிட்டே வருதல் வேண்டும். எச்.264, எச்.265 என வழங்கும் முறைகள் இத்தகையன. இவற்றுட் பின்னது மேலும் இறுக்கமானது. எனவேதான், திரைப்படம் பார்ப்பதற்கு நன்றாக உதவும் கணினி, அதே படத்தை வெட்ட முற்படும்போது திக்கித் திணறுகின்றது. பார்ப்பவன் முன்னோக்கியே செல்கின்றான். தொகுப்பவன் முன்னும் பின்னும் ஓயாது தாவுகின்றான்.

இவ்வவிழ்க்கும் தொழிலுக்கெனத் தனி உறுப்பொன்று நல்ல செயலிகளில் அமைந்துள்ளது. இன்டெல் நிறுவனம் 2011 முதலே தன் செயலிகள் பலவற்றில் இதனைச் சேர்த்து வருகின்றது. அப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட எம்1 முதலான செயலிகளிலும் இவ்வுறுப்பு உண்டு. ஆனால் எல்லா உறுப்பும் எல்லாப் பதிவையும் அவிழ்க்க வல்லதன்று. கைபேசிப் பதிவுகள் எளியவை. விலையுயர்ந்த கமராக்கள் சில, வண்ண விவரம் மிகுந்த 10 பிற்று, 4:2:2 என்னும் வகையில் எச்.265 முறையிற் பதிகின்றன. இதனை இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகள் அவிழ்க்கும். என்விடியா வரைகலை அட்டைகளிலோ, 2025இல் வந்த 50ஆம் வரிசைக்கு முற்பட்டவை அவிழ்க்கமாட்டா. பெரும் பொருள் கொடுத்து அட்டை வாங்கியவன் திகைப்பதும், அட்டையில்லாச் சிறு கணினி வைத்திருப்பவன் இலகுவாகத் தொழில் செய்வதும் இதனால் நேர்வனவே. ஆகவே, “எந்தக் கணினி நல்லது?” என்று கேட்பதற்கு முன், “என் கமரா எந்த முறையில் எழுதுகின்றது?” என்று கேட்டல் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஈண்டுச் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் நம் வீடுகளின் வெக்கை யாவரும் அறிந்ததே. மெல்லிய கணினி, சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்பிளின் எம் வரிசை மக்புக் எயாருக்கு விசிறியே கிடையாது. ஓசையின்றி அழகாய் இயங்கும்; மின்கலமும் நெடுநேரம் நிற்கும்; 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டை அனுபவித்தோருக்கு இதன் அருமை விளங்கும். ஆனால் நெடிய படத்தை இறுதியாக எழுதி வெளியிடும் வேளையில் அதன் வேகம் தளரும். வெட்டுவதற்கு அது தடையன்று. வெளியிடும் வேலையை இரவில் மின்விசிறியின் கீழ் விட்டுவிடலாம். விண்டோஸ் கணினி வாங்குவோர், இன்டெல் செயலிப் பெயரின் இறுதியில் யூ என்றிருப்பது மின்சிக்கனத்திற்கும், எச் என்றிருப்பது வேகத்திற்கும் உரியதென அறிக. எச் வகைக்கு விசிறியின் இரைச்சலும் மின்கலத்தின் குறுகிய ஆயுளும் கூடவே வரும்.

நினைவகம் 16 கிகாபைற்று இருத்தல் வேண்டும். எட்டுடன் காலந்தள்ளலாமென்று விற்பனையாளர் சொல்வர். சிறிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால், பின்னர் கூட்ட இயலாது என்பதைச் சொல்லமாட்டார். பாவித்த கணினி வாங்குவோர்க்கு ஒரு சொல்: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய செயலியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கற்க.

திரை 13 அல்லது 14 அங்குலம் போதும். ஆனால் மலிவான திரைகள் நிறத்தைக் குன்றச் செய்யும். அரசனுடைய உடையின் சிவப்பு செங்கல் நிறமாகத் தோன்றும். அதனை நம்பி வண்ணம் திருத்துவோன் படத்தைக் கெடுத்துவிடுவான். விவரத்தாளில் எஸ்.ஆர்.ஜி.பி. 100 விழுக்காடு என்றிருப்பின் ஐயமில்லை.

புதிய கணினிக்கு வழியேயில்லாத மாணவன் சோர்வடைய வேண்டியதில்லை. மூலப் படத்திற்குப் பதிலாக 1,280க்கு 720 அளவில் ‘பதிலிப் படி’ ஒன்றைச் செய்துகொண்டால், புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். அதனை வெட்டித் தொகுத்து, இறுதியில் மென்பொருளே மூலத்தை எடுத்து எழுதுமாறு செய்யலாம். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலும், எவருக்கும் விலையின்றிக் கிடைக்கும் கேடென்லைவ், ஷொட்கட் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. கைபேசிப் பதிவில் மற்றொரு குறையும் நேரும். வினாடிக்கு இத்தனை சட்டகம் என்ற கணக்கு அதில் நிலையாக நிற்பதில்லை. அதனால் தொகுக்கும்போது ஒலி சிறிது சிறிதாக விலகும். பேச்சில் அது தெரியாமற் போகலாம். கூத்திலோ அண்ணாவியாரின் மத்தளம் ஓரிடத்தும் ஆடுவோன் காற்சதங்கை வேறிடத்தும் விழுந்தால் யார் பொறுப்பர்? பதிலிப் படி செய்யுமுன் ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால், சட்டக எண்ணிக்கை மாறாத படியாக மாற்றிக்கொள்க.

கடைக்குச் செல்லும்போது தம் கமராவின் அட்டையையும் கொண்டு செல்க. பத்து நிமிடப் பதிவொன்றைக் கணினியிலிட்டு, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, தாம் பாவிக்கும் மென்பொருளிலேயே முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க. அதன்பின் அப்பதிவை முழுமையாக எழுதவிட்டு, அரை மணி நேரம் அருகே இருந்து சூட்டையும் வேகத்தையும் கவனிக்க. இதற்கு இசையாத கடைக்காரர் உத்தரவாதக் காலத்தில் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

கணினிக்கென ஒதுக்கிய பணம் முழுவதையும் கணினியிலேயே செலவிடல் தகாது. இடம் போதவில்லையென்று மூலப் பதிவை அழித்துவிடும் மாணவரைக் கண்டிருக்கின்றேன். சுருக்கிய பதினைந்து நிமிடப் படம் எஞ்சும். முதிய அண்ணாவியார் ஒருவர் முழு இரவும் பாடியது போய்விடும். அவர் மீண்டும் பாடுவார் என்பதற்கு உறுதியேது? எனவே சற்று விலை குறைந்த கணினியை வாங்கி, மிஞ்சும் பணத்தில் இரண்டு வெளி வட்டுக்களை வாங்குக. சேமிப்பதற்குப் பழைய சுழல் வட்டே போதும். வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைற்று வேண்டும் படத்தை அது எளிதில் ஓட்டும், விலையும் குறைவு. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்ட ஊர் இது. இரண்டு வட்டும் ஒரே அலுமாரியில் இருத்தல் கூடாது. ஒன்று கல்லடியில் நம் வீட்டில் இருக்குமாயின், மற்றது படுவான்கரையில் உறவினர் ஒருவர் வீட்டில், ஈரம் புகாத பெட்டியில் இருக்கட்டும்.