ஜிமெயிலை நிரப்பும் பெரிய இணைப்புகள்: தானாகப் பிரித்து வைப்பது எப்படி?

சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை ஜிமெயிலில் வந்ததும் பலரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வங்கி அனுப்பிய ஓடிபி, ரயில் டிக்கெட், தள்ளுபடி விளம்பரம் என்று பக்கம் பக்கமாகத் தேர்வுசெய்து அழிக்கிறார்கள். ஒரு மணி நேரம் அழித்துவிட்டுப் பார்த்தாலும் இடம் மிச்சமான மாதிரியே தெரியாது. எழுத்து மட்டும் உள்ள மெயில் பெரும்பாலும் சில பத்து கேபிதான். 50 கேபி மெயில்கள் 400 சேர்ந்தால்தான் ஏறத்தாழ 20 எம்பி வரும். ஒரே ஒரு காதுகுத்து வீடியோ அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிடும். ஆகவே யார் அனுப்பினார்கள், எப்போது அனுப்பினார்கள் என்று பார்ப்பதைவிட எவ்வளவு பெரிது என்று பார்ப்பதுதான் சீக்கிரம் பலன் தரும்.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடம் தருவதாக அறிவித்தபோது, தேதியைப் பார்த்துப் பலர் அதை ஏமாற்று வேலை என்றே நினைத்தார்கள். அன்று ஹாட்மெயில் இலவசமாகத் தந்த இடம் 2 எம்பி. இனி எதையும் அழிக்க வேண்டாம் என்ற பழக்கம் அந்த 1 ஜிபியோடு வந்ததுதான். 2013 மே மாதத்தில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்றானது. 2021 ஜூன் 1 முதல், போட்டோஸில் புதிதாக ஏற்றும் படங்கள் எந்தத் தரத்தில் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 வாக்கில் அதிலேயே வந்து விழுந்தது. இடம் நிறைந்ததற்கு மெயில்தான் காரணம் என்று முடிவுகட்டும் முன் கூகுள் ஒன் பக்கத்தில் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். போட்டோஸ் 12 ஜிபி என்று காட்டினால் மெயிலில் கைவைப்பது வீண் உழைப்பு.

மெயில்தான் காரணம் என்றால், அங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மின்னஞ்சல் எழுத்தைக் கொண்டுசெல்வதற்காக மட்டுமே உருவானது. படத்தையும் ஒலியையும் அதில் ஏற்றி அனுப்ப வழி செய்தது நத்தேனியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் இருவரும் 1992-ல் வகுத்த மைம் முறை. அதில் எந்தக் கோப்பும் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. 3 பைட்டுக்கு 4 எழுத்து. அதாவது 15 எம்பி கோப்பு மெயிலாகும்போது 20 எம்பியைத் தொட்டுவிடும். கோப்பின் அளவு ஒன்றாகவும் மெயிலின் அளவு வேறாகவும் தெரிவது இதனால்தான். பெரிய மெயில்களைத் தானாகப் பிரிக்க நாம் அமைக்கப்போகும் ஃபில்டரில் 10 எம்பி என்று வரம்பு வைத்தால் ஏழரை எம்பி கோப்பே சிக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு பெரிய கோப்புகள் எங்கிருந்து வருகின்றன? வீடியோவை விட்டுவிடுவோம், அது கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளி. தெரியாதது ஸ்கேன். ஜெராக்ஸ் கடையில் பத்திரத்தைக் கொடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள் என்றால், கடைக்காரர் அங்கே ஏற்கெனவே இருக்கிற அமைப்பிலேயே பொத்தானை அழுத்துவார். அது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர் என்று இருந்தால் ஏ4 தாள் ஒன்றில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி புள்ளிகள். சுருக்கும் முன் 100 எம்பிக்கும் மேல். அதே தாளை 200 டிபிஐ, கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுருக்காமலே அரை எம்பிதான், படிப்பதற்கும் தாராளமாகப் போதும். ஸ்கேன் செய்யும் முன் ‘200-ல், கறுப்பு வெள்ளையில் போடுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கையை வேர்டில் அடித்து, அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி எல்லோருக்கும் அனுப்பும் செயலாளர்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த மென்பொருளிலும் வழியில்லை.

இனி ஃபில்டர். ஜிமெயிலின் போன் செயலியில் இதை அமைக்க முடியாது. கணினி உலாவியில்தான் முடியும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் கோடுகள் போன்ற குறியைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். அனுப்பியவர், பொருள் ஆகிய கட்டங்களைக் காலியாக விட்டு, அளவு என்ற வரியில் ‘இதைவிடப் பெரியது’ என்பதைத் தேர்ந்து 5 அல்லது 10 என்று போட்டு, பக்கத்தில் எம்பியை வைக்கவும். இணைப்பு உள்ளது என்ற கட்டத்தையும் டிக் செய்யலாம். படிவத்தின் அடியில் தேடு பொத்தானுக்கு அருகிலேயே ஃபில்டர் உருவாக்கும் இணைப்பு இருக்கும். அடுத்த திரையில், அகப்படும் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். ‘பெரியவை’ என்று ஒரு லேபிள் உருவாக்கி அதை ஒட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்து கிடப்பவற்றுக்கும் சேர்த்துச் செய்யவா என்று கீழே ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால், இனி வரும் மெயிலுக்கு மட்டுமே லேபிள் ஒட்டும். பழைய குவியல் அப்படியே கிடக்கும்.

அதே திரையில் இன்பாக்ஸைத் தவிர் என்றொரு கட்டமும், அழித்துவிடு என்றொரு கட்டமும் இருக்கின்றன. முதலாவதைத் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம். அதனால் இன்பாக்ஸ் சுத்தமாகத் தெரியும். இடம் ஒரு கேபிகூட மிச்சமாகாது. மெயில் கண்ணிலிருந்து விலகுகிறதே தவிர, கணக்கில் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய இணைப்போடு வருவது வீண் மெயிலாக இருப்பது அபூர்வம். விளம்பர மெயில்களில் படம் பெரும்பாலும் வெளியே ஒரு சர்வரில் இருக்கும், மெயில் சின்னதாகவே வரும். மாறாக, கனமாக வருவது வில்லங்கச் சான்றிதழ், எம்ஆர்ஐ ரிப்போர்ட், வேலைக்கான விண்ணப்பம், வக்கீல் அனுப்பிய மனு. ஃபில்டர் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டால் அனுப்பியவருக்கு ஒரு தகவலும் போகாது. போய்ச் சேர்ந்துவிட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். 30 நாளில் குப்பை தானாகக் காலியாகும். பிறகு கேட்டுப் பயனில்லை.

பிரித்து வைப்பதோடு ஃபில்டரின் வேலை முடியட்டும். அழிப்பதை நீங்களே கண்ணால் பார்த்துச் செய்யுங்கள், மாதம் ஒருமுறை ‘பெரியவை’ லேபிளைத் திறந்தால் போதும். அப்படி அழிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிமெயில் ஒரே தலைப்பில் போய்வந்த மெயில்களை ஒரு கட்டாகக் காட்டுகிறது. பட்டியலில் டிக் செய்து அழித்தால், பெரிய மெயிலோடு அந்தக் கட்டு முழுவதும் குப்பைக்குப் போகும். இணைப்பே இல்லாத பதில்களும் சேர்த்துத்தான். கட்டைத் திறந்து, அந்த ஒரு மெயிலின் மூன்று புள்ளி மெனுவிலிருந்து அழிப்பது பாதுகாப்பு. அல்லது அமைப்பில் உரையாடல் காட்சியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கடிதம் வேண்டும், கோப்பு மட்டும் வேண்டாம் என்றால் ஜிமெயிலில் நேர்வழி இல்லை. கோப்பைக் கணினியில் இறக்கிக்கொண்டு, மெயிலை உங்களுக்கே ஃபார்வர்டு செய்து, அனுப்பும் முன் இணைப்பை நீக்கிவிட்டு, பழையதை அழிப்பதுதான் நடைமுறையில் உள்ள குறுக்குவழி. கிளாசிக் அவுட்லுக் டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை இல்லை. இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து அதை மட்டும் நீக்கலாம். அங்கே ஃபில்டருக்குப் பெயர் ரூல். அளவைக் கேபியில் கொடுக்க வேண்டும். 5 என்று போட்டுவிட்டு எல்லா மெயிலும் ஏன் சிக்குகிறது என்று விழிக்க வேண்டாம், 5,000 போடவும். ரூல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஓடும். ஆகவே ஆடிட்டர், வங்கி போன்றோரின் மெயிலுக்கு மேலே ஒரு ரூல் வைத்து, ‘இதற்குமேல் பார்க்காதே’ என்ற கட்டத்தை டிக் செய்தால் அவை அளவுச் சோதனைக்கே போகாது. ஜிமெயிலில் இந்த வரிசை கிடையாது. பொருந்தும் ஃபில்டர் எல்லாமே வேலை செய்யும். வேண்டியவரை விலக்க, ஃபில்டர் படிவத்தில் அனுப்பியவர் கட்டத்தில் அவர் முகவரிக்கு முன் ஒரு கழித்தல் குறி போட வேண்டும்.

வந்தவற்றைப் போலவே நீங்கள் அனுப்பியவையும் இடம் பிடிக்கும். ஃபில்டர் பார்ப்பது வருகிற மெயிலை. உங்கள் பாஸ்போர்ட் ஸ்கேனை நான்கு பேருக்குத் தனித்தனியாக அனுப்பியிருந்தால் நான்கு பிரதிகளும் சென்ட் பெட்டியில் உங்கள் கணக்கிலேயே இருக்கும். அதே படிவத்தில், தேடும் இடமாகச் சென்ட் பெட்டியைத் தேர்ந்து அளவைப் போட்டுத் தேடினால் அவை வெளிப்படும். அழித்த பிறகு குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள், அங்கே கிடக்கும்வரை அதுவும் 15 ஜிபியில் சேர்த்திதான். காலி செய்த உடனே எண் குறையாவிட்டால் பதற வேண்டாம், மறுநாள் பாருங்கள்.