ஊசி போட்டாயிற்று, சாப்பாடு எங்கே?

நெய்வேலியில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்ப வேண்டும். சுகருக்கு ஊசி போடுகிறவராக இருந்தால், வீட்டிலேயே ஊசியை முடித்துவிட்டு டிபனைக் கேன்டீனில் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிடத் தோன்றும். போன இடத்தில் கன்வேயர் பெல்ட்டில் ஏதோ கோளாறு, அதைச் சரிசெய்துவிட்டுச் சாப்பிடலாம் என்றாகிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. உள்ளே போன மருந்தோ யாருக்காகவும் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சாப்பாட்டு நேர இன்சுலினால் வரும் தொல்லைகளில் பெரியது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இன்சுலினைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்ட நாளிலிருந்து அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. பயந்துபோய் ஊசியை நிறுத்துகிறவர்கள் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பணயம் வைக்கிறார்கள். ஆனால் ஊசியை எழுதிக்கொடுக்கும்போதே அதன் ஆபத்தையும் சமாளிக்கும் வழியையும் சொல்லித்தர வேண்டும். அவசரத்தில் இது பல இடங்களில் விட்டுப்போகிறது. சொல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு.

முதலில் கேட்க வேண்டியது, "எனக்கு எழுதியிருப்பது எந்த இன்சுலின், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும்?" என்பது. அரசு மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். அதன் வேகம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை நீடிக்கும். லிஸ்ப்ரோ, ஆஸ்பார்ட், குளுலிசின் ஆகிய புதிய வகைகள் கால் மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்குகின்றன, ஒன்றிரண்டு மணியில் உச்சம், நான்கைந்து மணியில் ஓய்வு. அவற்றைப் போட்டுவிட்டு அரை மணி காத்திருப்பது ஆபத்து. 30/70 என்று எழுதியிருக்கும் கலங்கலான கலப்பு ஊசியில் இரண்டாவது அலை ஒன்று உண்டு. காலையில் போட்டது மதியமும் சர்க்கரையை இழுக்கும், அதனால் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் ஊசி நேரமும் மாற வேண்டும். இரவு ஷிஃப்ட்டுக்குத் தனி அட்டவணை எழுதித் தரச்சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வேலை நேரம் தெரியாமல் அவர் சரியான அளவு சொல்ல முடியாது.

ஒரு விதி போதும் என்றால் இதைச் சொல்வேன்: சாப்பாடு தயாராகக் கைவசம் இல்லாமல் சாப்பாட்டு ஊசி போடாதீர்கள். சாப்பிடப் போவதில்லை என்றால் அந்த வேளை ஊசியும் வேண்டாம். இது சாப்பாட்டு ஊசிக்கு மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் நீண்ட நேர இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. கலப்பு ஊசியில் இரண்டும் சேர்ந்திருப்பதால் விரதம், வாந்தி, காய்ச்சல் என்றால் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் லோ சுகர். 54-க்குக் கீழே என்றால் மூளைக்கே எரிபொருள் தட்டுப்பாடு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அடங்காத பசி, கண் மங்கல், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல் என்று அறிகுறிகள் வரும். நெய்வேலியில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் சித்திரை வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? பாய்லர் பக்கம் நிற்கிறவருக்குச் சட்டை எப்போதும் நனைந்துதான் இருக்கும். வெயில் களைப்பு என்று நினைத்து நிழலில் உட்கார வைப்பதற்குள் ஆள் மயங்கிவிடுவார். குழறிப் பேசுகிறவரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடும் கொடுமையும் நடக்கும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். அவர்களுக்கு வியர்வை ஒன்றுதான் எச்சரிக்கை, அதையும் வெயில் மறைத்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் லோ என்றே வைத்துக்கொண்டு இனிப்பைக் கொடுங்கள். கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரை ஏறினால் பெரிய கேடு வந்துவிடாது, இறங்கியதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

எதைக் கொடுப்பது? குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். அது இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது சாதாரணக் குளிர்பானம் அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாக. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. தாண்டியதும் இட்லியோ பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். பக்கத்துப் பண்ருட்டி முந்திரியும் கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச்சொல்லி வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளை நம் ஊரில் நிறையவே எழுதுகிறார்கள். தனியாகவும் வரும், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரைக்குள்ளும் இருக்கும். இவை நாம் டீக்குப் போடும் சர்க்கரையைக் குடல் உடைப்பதைத் தடுப்பவை. இவற்றை எடுப்பவருக்கு லோ ஆனால் சர்க்கரைத் தண்ணீர் வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பெயர்கள் இருந்தால் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். கிளிமிபிரைடு இருந்தால் அதுவும் இன்சுலினோடு சேர்ந்து சர்க்கரையை இறக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள், "சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மருத்துவமனையில் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் திறப்பார். கண் திறந்ததும் வீட்டுக்குப் போக அவசரப்பட வேண்டாம், நீண்ட நேர இன்சுலினோ கிளிமிபிரைடோ உள்ளே இருந்தால் மறுபடி இறங்கும்.

அடுத்து வருவது ஊசிக் குழல். இதைக் கையில் எடுத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. சாதாரணக் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாக் குழாய்களிலும் புதிய வகைக் குப்பிகள் பலவற்றிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் பார்க்க ஒரே அளவில்தான் இருக்கும். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 10 யூனிட் அல்ல, 25. இரண்டரை மடங்கு. மாறாக, 40 யூனிட் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் போவது வெறும் 4. மருந்துக் கடையில் சிவப்பு இல்லை என்று ஆரஞ்சைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பேனாக் குழாயில் மிச்சம் இருக்கிறதே என்று சிரிஞ்சால் இழுக்காதீர்கள். மருந்துச் சீட்டில் யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் யு என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால் அது சைபர் மாதிரி தெரிந்து 10 என்பது 100 ஆகப் படிக்கப்பட்ட தவறுகள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன.

வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கொழுப்புக் கட்டி தடித்துப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வலிக்காத இடம் என்று அதையே தேடிக் குத்துவார்கள். அந்தக் கட்டியில் போன இன்சுலின் ஒரு நாள் உறிஞ்சப்படும், ஒரு நாள் அப்படியே தங்கும். சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒரு நாள் புது இடத்தில் அதே அளவைப் போட்டால் முழு மருந்தும் வேலை செய்து தலை சுற்றும். விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், இடம் மாற்றுமுன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும். ஒரே ஊசியை வாரக் கணக்கில் பயன்படுத்துவதும் இந்தக் கட்டியை வளர்க்கும். நிறைய நடந்து வேலை பார்க்கிற நாளில் தொடையில் போட்டால் மருந்து வேகமாக ஏறும், வயிறே நல்லது.

வெயிலும் அந்தக் கட்டியைப் போலவே ஏமாற்றும். ஸ்கூட்டர் டிக்கியிலோ தகரக் கொட்டகையிலோ கிடந்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை ஏறுகிறது என்று அளவைக் கூட்டியவர் புதுக் குப்பியைத் திறந்த அன்று விழுவார். திறக்காததை ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்ததைத் தூக்கி எறியுங்கள். திறந்தது பெரும்பாலும் 28 நாள் வரை 30 டிகிரிக்குள் இருந்தால் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு ஈர மணல் நிறைத்த மண் பானைக்குள் வைக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு வந்து ஓரிரு நாளில் போய்விடும். உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் என்றால் ஒவ்வாமை, உடனே மருத்துவமனை. எடை கொஞ்சம் கூடும், லோ ஆகிவிடுமோ என்று பயந்து அடிக்கடி தின்பதும் அதற்கு ஒரு காரணம். பியோகிளிட்டசோன் மாத்திரையும் எடுப்பவருக்குக் கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள். பலாப்பழக் காலத்தில் நாலு சுளை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏறியது பார்த்து ஒரு மணிக்கொரு தடவை ஊசியை ஏற்றுவது வேண்டாம். முதல் ஊசியே இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மது குடித்தால் கல்லீரல் சர்க்கரையை விடுவிக்காது, லோ நள்ளிரவில் தூக்கத்தில் வரும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். "முன்பு போட்ட அளவே போதாமல் இருந்தது, இப்போது மருந்தே தேவைப்படவில்லை" என்று அவர் மகிழ்ந்தால் அது நல்ல செய்தி இல்லை, சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இனி உரிமைகள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. மயங்கி விழுந்து சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பும்போது அன்றைய சர்க்கரை அளவு, கொடுத்த மருந்து, மாற்றிய அளவு எல்லாம் எழுதிய சீட்டை வாங்காமல் வரக் கூடாது.

தவறான மருந்தாலோ அளவாலோ பாதிப்பு ஏற்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வேலை பார்க்கும் நிறுவனத்தின் மருத்துவமனையில் காசு கட்டாமல் வைத்தியம் பார்க்கிறவர்கள் நமக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிடுகிறார்கள். 1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பணி நிபந்தனையின் பகுதியாக ஊழியருக்கும் குடும்பத்துக்கும் ஆகும் மருத்துவச் செலவை முதலாளி ஏற்றால், அது இலவசச் சேவை ஆகாது, நோயாளி நுகர்வோரே. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அங்கே புகாரை மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் முதல்வரின் உதவி மையம் 1100-லும் சொல்லலாம். நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு 2 ஆண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். தொழில் துறைத் தொழிலாளி, பெண், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-லும் அழைக்கலாம்.

மருந்தின் பக்க விளைவை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. குப்பியின் பெயரையும் தொகுதி எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ரெகுலர், கலப்பு, நீண்ட நேர வகையான கிளார்ஜின் ஆகியவை 2022-ம் ஆண்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அட்டையிலுள்ள விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் புகார் செய்யலாம்.

வேலை இடத்தைப் பற்றி ஒன்று. சுரங்கத்தில் 5 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக் குறைந்தது அரை மணி ஓய்வு என்பது 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த நெறி. இன்சுலின் போடுகிறவருக்கு அந்த அரை மணி மருந்தின் ஒரு பகுதி. நிரந்தரத் தொழிலாளிக்கு அதைக் கேட்கத் துணிவு இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி, சுகர் இருப்பது தெரிந்தால் நாளைக்கு வேலை இருக்குமோ என்று பயந்து ஊசியையும் மறைப்பார், மயக்கத்தையும் மறைப்பார். ராட்சத இயந்திரங்களுக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே அந்த மறைப்பு அவர் உயிரோடு பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து. நெய்வேலியின் தொழிற்சங்கங்கள் போனஸுக்கும் நிரந்தரத்துக்கும் போராடிப் பழகியவை. பணியிடத்து முதலுதவிப் பெட்டி ஒவ்வொன்றிலும் குளுக்கோஸ் பொட்டலமும் ஒரு குளுக்கோமீட்டரும் இருக்கிறதா என்று சங்கத்தார் இந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும். இல்லாத இடத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். ஊசி போடுகிறேன் என்று சொன்ன காரணத்துக்காக எந்த ஒப்பந்தத் தொழிலாளியும் வேலையை இழக்கக் கூடாது என்ற கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.