திண்ணனூர் நாட்டு ஓட்டு

கொல்லிமலையில் பதினான்கு நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயர்கள் நீளும். அவற்றுள் ஒன்று திண்ணனூர் நாடு. பெயரில் நாடு, சர்க்கார் தஸ்தாவேஜில் ஒரு கிராமப் பஞ்சாயத்து. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடி, சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பலாப்பழமும் கொஞ்சம் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நாடுநாடாக, ஊரூராகச் சென்று வீட்டு வாசலில் நிற்பவர்கள் இரண்டே வகையினர். மரவள்ளிக் கிழங்கு வாங்கும் வியாபாரிகள் ஒரு வகை. ஓட்டுக் கேட்கும் அபேட்சகர்கள் மற்றொரு வகை. முன்னவர்கள் வருஷந்தோறும் வருகிறார்கள்.

அந்நாட்டில் நாம் தேர்தலைப் பற்றி ஏதோ உபந்யாசம் செய்துகொண்டிருந்த சமயம். வக்கீல் தொழிலின் தோஷம் அது. கேட்பவர் இருந்தால் வாய் ஓயாது. முடியும்வரை பொறுமையாகக் கேட்டிருந்த பெரியவர் ஒருவர், "அதெல்லாம் சரிங்க சாமி, கீழே இருக்கிறவங்க ஓட்டோட எங்க ஓட்டையும் கலந்து எண்ணுவாங்களா, தனியா எண்ணுவாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல நாம் சற்றுத் தயங்கினோம். அக்கேள்வி அவ்வளவு எளியதல்ல. அதில் ஒரு பயமும் இருக்கிறது, ஒரு பலமும் இருக்கிறது.

பயம் எதுவென்று முதலில் சொல்வோம். காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று பிறர் திட்டமாய்க் கூற இயலாது. 2004-ம் வருஷப் பொதுத் தேர்தலிலிருந்து தேசம் முழுவதும் யந்திரமே ஓட்டுப் பெட்டியாயிற்று. யந்திரத்தைச் சாவடி சாவடியாகவே எண்ணுகிறார்கள். சாவடிவாரிக் கணக்கும் வெளியாகிறது. சில நூறு பேர் மட்டுமே ஓட்டளிக்கும் மலைச் சாவடியில் ரகசிய ஓட்டு என்பது எவ்வளவு ரகசியம்? தனி மனிதனின் விரல் எங்கே அழுத்தியது என்று தெரியாதிருக்கலாம்; ஊரின் விரல் எங்கே அழுத்தியது என்பது மறுதினமே தெரிந்துவிடும். பல யந்திரங்களின் கணக்கைச் சேர்த்துக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாமென்று 2008-ல் தேர்தல் கமிஷனே சிபார்சு செய்தது. சர்க்கார் அதை ஏற்கவில்லை. ஓட்டு விழாத ஊருக்கு ரஸ்தா விழாது என்ற பயம் மலைவாசியின் மனத்தில் இருக்குமாயின், அதை மூடநம்பிக்கை என்று தள்ள நம்மால் இயலவில்லை.

பலமும் அதே கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. கொல்லிமலை சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. 2006-ல் தி.மு.க.வின் ஸ்ரீ கே. பொன்னுசாமி அங்கே வென்றார். 2011-ல் தே.மு.தி.க.வின் ஸ்ரீமதி ஆர். சாந்தி. 2016-ல் அ.தி.மு.க.வின் ஸ்ரீ சி. சந்திரசேகரன். 2021-ல் மீண்டும் ஸ்ரீ பொன்னுசாமி. அவர் 2025 அக்டோபரில் காலமானார். நான்கு தேர்தல்களில் எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இருமுறை அந்த ஸ்தானத்தில் அமரவில்லை. 2016-ல் வித்தியாசம் சுமார் பன்னிரண்டாயிரம் ஓட்டு. 2021-ல் சுமார் பத்தாயிரத்து ஐந்நூறு. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. வேறொருவரை நிறுத்தவே, பதவியிலிருந்த ஸ்ரீ சந்திரசேகரன் சுயேச்சையாக நின்றார் என்பதையும் நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

இப்போது மலையின் தொகையைப் பார்ப்போம். 2011 ஜனக்கணக்கின்படி கொல்லிமலையில் சுமார் நாற்பதாயிரம் பேர். சிறுவர் சிறுமியரை நீக்கினாலும் ஓட்டுரிமை உள்ளவர்கள் இருபதினாயிரத்துக்குக் குறையமாட்டார்கள். அதாவது, மேலே சொன்ன இரண்டு தேர்தல்களிலும் ஜயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த தூரத்தைக் காட்டிலும் மலையின் தொகை பெரிது. தொகுதியில் மலை சிறுபான்மை. தராசு முள்ளிலோ மலை பெரும்பான்மை. இதை மலைக்கு வரும் அபேட்சகர்கள் நன்கு அறிவார்கள். மலையில் உள்ளவர்கள் அறிந்திருக்கிறார்களா என்பதே நமது கேள்வி.

நெருக்கமான தேர்தலில் சிறு தொகை என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. 2016-ல் திருநெல்வேலி ஜில்லா ராதாபுரத்தில் ஸ்ரீ ஐ. எஸ். இன்பதுரை ஸ்ரீ மு. அப்பாவுவை வென்றது 49 ஓட்டில். தபால் ஓட்டுகளில் 203 தள்ளப்பட்டன. அத்தாட்சிக் கையெழுத்திட்ட தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே தகராறு. 2019 அக்டோபரில் ஹைகோர்ட்டு மறுபடி எண்ணும்படி உத்தரவிட்டது, எண்ணியும் ஆயிற்று. முடிவை வெளியிடக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. அத்தடை நீங்குமுன் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்துவிட்டது. 2021-ல் மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281, தென்காசியில் 370. ராஜஸ்தானத்து நாத்துவாராவில் 2008-ல் காங்கிரஸின் ஸ்ரீ சி. பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில். கர்நாடகத்துச் சந்தேமரஹள்ளியில் 2004-லும் அப்படியே. ஒரு குடும்பம் அன்று மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தால் ராஜ்யத்தில் ஒரு சட்டசபை ஸ்தானம் கை மாறியிருக்கும்.

தொகுதிக்கு உள்ளது சபைக்கும் உண்டு. 1952-ல் பழைய சென்னை ராஜ்யத்தில் வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டுரிமை கொடுத்து நடந்த முதல் தேர்தலில், 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை எவருக்குமில்லை. அச்சமயம் ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து ஸ்ரீ ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 பேரையும், ஸ்ரீ மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 பேரையும் சபைக்கு அனுப்பியிருந்தன. இருபத்தைந்து பேர்தாம். ராஜாஜியின் மந்திரிசபையில் ஸ்ரீ நாயக்கரும், பின்னர் 1954-ல் ஸ்ரீ காமராஜின் மந்திரிசபையில் ஸ்ரீ படையாட்சியாரும் அமர்ந்தார்கள். அந்தப் பேரம் சரியா தவறா என்று அக்காலத்தில் வெகுவாக வாதித்தார்கள். இன்று அதைக் கிளற நமக்கு நோக்கமில்லை. எண்ணிக்கையில் சிறியவர்கள், தாங்கள் எவ்விடத்தில் நிற்கிறோம் என்று அறிந்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம்.

நிற்க. சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் அவ்வகைத் தொகுதிகள் இரண்டே, மற்றது ஏற்காடு. 1937-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நடந்த தேர்தலில், ராஜதானி முழுவதிலும் பின்தங்கிய பிரதேசங்களுக்கும் மலைஜாதியாருக்கும் சேர்த்து 215-ல் ஒரு ஸ்தானம் கொடுத்தார்கள். அதைவிட இது மேல் என்று திருப்தியடையலாம். ஆயினும் ஒதுக்கப்பட்டிருப்பது நிற்கும் உரிமை. தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாருக்கும் பொது. நிற்பவர் மலைவாசி, அவரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் சமவெளியார். சமவெளியில் பெருவாரியாக ஓட்டு வாங்கிவிட்ட ஒரு மலைவாசிக்கு மலையே தேவையில்லை. போட்டி நெருங்கினாலன்றி அவர் எழுபது வளைவுகளையும் ஏறவேண்டிய அவசியமில்லை. ஆகவேதான் கடும் போட்டியைக் கண்டு, "கட்சிக்காரர்கள் ஊரைக் கெடுக்கிறார்கள்" என்று முகம் சுளிக்கும் நல்லோர்களுடன் நாம் சேர மறுக்கிறோம். போட்டியில்லாத தேர்தல் சமவெளிக்குச் சௌகரியம். மலைக்கு அது தேர்தலே இல்லை.

சட்டம் படித்தவர்கள் அறிந்த ஒரு வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. ஆந்திரத்துப் பார்வதீபுரம் 1957-ல் இரண்டு அங்கத்தினர்களைப் பார்லிமெண்டுக்கு அனுப்பும் தொகுதியாக இருந்தது. ஒன்று பொது ஸ்தானம், மற்றது பழங்குடியினருக்கு உரியது. பின்னாளில் ஜனாதிபதியான ஸ்ரீ வி. வி. கிரி பொது ஸ்தானத்தை நாடி நின்றார். ஓட்டுகளை எண்ணியபோது முதலிரண்டு இடங்களிலும் பழங்குடியைச் சேர்ந்த இரண்டு தோராக்கள் இருந்தனர். ஸ்ரீ கிரி 565 ஓட்டில் மூன்றாமவரானார். பழங்குடிக்கென்று ஒரு ஸ்தானம் தந்திருக்க, பொது ஸ்தானத்தையும் பழங்குடியார் கொள்வது எங்ஙனம் என்று அவர் வழக்காடினார். பொது என்றால் எல்லாருக்கும் பொதுதான் என்று 1959-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. 1961-ல் இரட்டைத் தொகுதிகளையே பார்லிமெண்டு எடுத்துவிட்டது. ஒன்றினால் மற்றது வந்தது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. வருஷங்களை மட்டும் குறிக்கிறோம்.

இரண்டு தொகுதி என்ற கணக்கையும் சற்றுப் பார்க்கவேண்டும். 2008-ல் எல்லை வகுத்தபோது உப்பிலியாபுரம் என்ற மூன்றாவது தொகுதி போயிற்று. அப்போது எடுத்துக்கொண்டது 2001 ஜனக்கணக்கு. அதன்படி பழங்குடியினர் சுமார் ஆறரை லட்சம். 234-ல் அவர்கள் பங்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இரண்டு. 2011 கணக்கில் அவர்கள் 7,94,697 பேர். பங்கு இரண்டரைக்குச் சற்று மேல். முழு எண்ணாக்கினால் மூன்று. அரைக்கு இப்புறமா அப்புறமா என்பதில் ஒரு தொகுதி இருக்கிறது! அதோடு, ஈரோடு ஜில்லாவின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளை இந்தக் கணக்கில் பழங்குடியாகச் சேர்ப்பதில்லை. 'மலையாளி' என்ற பெயரைச் சட்டம் ஜில்லாவாரியாக எழுதியிருக்கிறது. சேலம் அதில் உண்டு, கோயமுத்தூர் இல்லை. நாமக்கல் 1997 வரை சேலத்தில் இருந்தபடியால் கொல்லிமலையார் பழங்குடி. பர்கூர் மலை ஈரோட்டுக்கு முன் கோயமுத்தூரில் இருந்தபடியால் அங்குள்ளோர் அல்ல. ஒரே ஜனம், ஒரே குலவழக்கம். நடுவே ஜில்லாக் கோடு.

ஓட்டைப் பகிஷ்கரிப்பது தக்கதா என்று இளைஞர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. அவர்கள் வாதத்தை நாம் லேசாகத் தள்ளவில்லை. 'ரஸ்தா இல்லையேல் ஓட்டில்லை' என்று பலகை நட்ட குக்கிராமத்துக்கு மறுநாளே தாசில்தார் ஜீப்பில் வருகிறார். ஒழுங்காக ஓட்டுப் போட்ட பக்கத்துக் கிராமத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. ராசிபுரத்துக்கு அருகே போதமலை என்று ஒன்றுண்டு. 2021 தேர்தலில் அம்மலைக்கு ஓட்டு யந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். யந்திரம் ஏறக்கூடிய மலையில் பிரசவ வேதனைப்படுகிறவள் இறங்குவது எப்படி என்று கேட்டு ஒருவன் ஓட்டை மறுத்தால், அவன்மீது நமக்குக் கோபம் வரவில்லை.

ஆனாலும் பகிஷ்காரத்தால் தராசு முள் நகர்வதில்லை. மலையின் இருபதினாயிரமும் வீட்டிலிருந்தால் சமவெளி தனக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். மலைக்கு வரவேண்டிய காரணம் எந்த அபேட்சகருக்கும் இராது. பலகை நடுகிற ஊர் தேர்தலுக்கு முந்திய வாரம் நடுகிறது. அபேட்சகர்களை நிறுத்துவதற்கு முன், எல்லாக் கட்சிக்காரரையும் ஒரே நாளில் நாட்டுக் கூட்டத்துக்கு அழைத்து, ஊர்க்கவுண்டர்களும் பெண்களும் கூடியிருக்க, இன்ன ஊருக்கு இன்ன வேலை என்று எழுதி வாங்கிச் சாவடிச் சுவரில் ஒட்டுவதே நமக்கு உசிதமாகத் தோன்றுகிறது. சாவடிவாரிக் கணக்கு அபேட்சகருக்குத் தெரிகிறதல்லவா? அதே கணக்கு நாட்டாருக்கும் தெரியட்டும். பயமுறுத்தும் கருவியைப் பேரத்துக்குரிய கருவியாக்க வேறு வழி நமக்குப் புலப்படவில்லை. ரொக்கத்துக்கு ஓட்டை விற்ற ஊர் இந்தக் கூட்டத்தைக் கூட்ட முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறோம். விலை வாங்கினவன் பாக்கி கேட்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, பட்டியலில் பெயர் இருப்பது. 2025 நவம்பரில் ஓட்டர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தத் தொடங்கினார்கள். டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு, இடம் மாறியவர் என்று காரணங்கள். முதலிரண்டைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. இடம் மாறியவர் யார்? கூலி தேடி மலையிறங்கி, மாதங்கள் கழித்து ஏறி வருகிறவன் இடம் மாறியவனா? உத்தியோகஸ்தர் வந்த அன்று அவன் வீட்டில் பூட்டுத் தொங்கியிருக்கும், அவ்வளவே. பெயர் விடுபட்டவர் ஆறாம் நம்பர் பாரத்தைக் கொடுத்து மீண்டும் சேரலாம். அதற்கு முதலில், பெயர் விடுபட்டது தெரியவேண்டும்.

திண்ணனூர் நாட்டுப் பெரியவரிடம் நாம் இறுதியாகச் சொன்னது இதுதான்: தனியாகத்தான் எண்ணுகிறார்கள். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "அப்ப நாங்களும் எண்ணி வெச்சுக்கணும்" என்றார். பட்டியலின் பிரதி சாவடி உத்தியோகஸ்தரிடம் இருக்கும். ஒரு சாவடிக்குச் சில நூறு பெயர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் உரக்கப் படித்தால், விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும்.