தூக்கத்தை திருடும் ‘வேப்’... விட்டவர்களை கனவில் துரத்தும் சிகரெட்!

திருப்பூர்:

‘புகை இல்லை, நாத்தம் இல்லை, சாம்பல் இல்லை. அப்புறம் என்ன கெடுதல்?’ இ-சிகரெட் எனப்படும் ‘வேப்’ இழுக்கும் இளைஞர்கள் சொல்லும் நியாயம் இதுதான். ராத்திரி தூக்கம் வரலைன்னா செல்போனை திட்டுவார்கள், கொசுவை திட்டுவார்கள். உண்மையான திருடன் தலையணைக்கு அடியிலேயே கிடப்பான்.

இந்த சாதனத்துக்கு தமிழக அரசு 2018-ம் ஆண்டிலேயே தடை விதித்தது. 2019-ல் நாடு முழுவதும் தடை வந்தது. விற்று மாட்டினால் முதல் முறை ஓராண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.5 லட்சம் வரை அபராதம். இருந்தும் பேனா மாதிரி, பென்-டிரைவ் மாதிரி திருட்டுத்தனமாக கைமாறிக்கிட்டுதான் இருக்கு.

தலைக்கு ஏறும் வேகம்

உள்ளே இருப்பது நிகோடின். பீடியிலும் சிகரெட்டிலும் உள்ள அதே சரக்குதான். இழுத்த சில விநாடிகளில் மூளைக்கு போய்விடும். அட்ரீனலின் சுரந்து நெஞ்சு படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இழுப்பவருக்கு மட்டும் ‘டென்ஷன் குறைஞ்ச மாதிரி’ இருக்கும். அதற்கு பெரும்பகுதி காரணம், நிகோடின் கேட்டு உடம்பு பண்ணிய ரகளை அடங்கியதுதான்.

ரத்தத்தில் ஏறிய நிகோடின் பாதியாக குறையவே சுமார் 2 மணி நேரம் ஆகும். 11 மணிக்கு இழுத்துவிட்டு படுத்தால் 1 மணிக்கும் பாதி சரக்கு உடம்பில் ஓடிக்கொண்டு இருக்கும். கண் மூடி இருந்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. விடியற்காலை நிகோடின் இறங்கியதும், ‘இன்னொரு இழுப்பு கொடு’ என்று உடம்பே எழுப்பிவிடும்.

அமெரிக்காவில் 785 பேரின் தூக்கத்தை 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகள் கவனித்து, 2019-ல் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். படுப்பதற்கு முந்தைய 4 மணி நேரத்தில் நிகோடின் எடுத்தவர்களின் தூக்கம் துண்டு துண்டாகி இருந்தது. ஏற்கனவே தூக்கமின்மை தொல்லை உள்ளவர்களுக்கு சராசரியாக 42 நிமிட தூக்கம் குறைந்து இருந்தது.

இதில் வேப் இன்னும் மோசம். சிகரெட் என்றால் வெளியே போகணும், பற்ற வைக்கணும், 5 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வேப் தீராது. படுக்கையிலேயே, போர்வைக்குள்ளேயே இழுக்கலாம். எத்தனை இழுப்பு என்று கணக்கும் இல்லை. ஐரோப்பிய யூனியனில் ஒரு மில்லி திரவத்தில் 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் கூடாது என்று சட்டம் உண்டு. 50 மில்லிகிராம் வரை உள்ள திரவங்களும் உலக சந்தையில் இருக்கின்றன. இங்கே திருட்டு சரக்கில் என்ன எழுதி இருந்தாலும் அதை நம்ப முடியாது.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, ஆர்டர் அவசரம் என்று ‘நைட்’டும் சேர்த்து பார்ப்பவர்களுக்கு இது இரட்டை அடி. முழிச்சிருக்க இழுத்த நிகோடின், வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்க விடாது. அடுத்த நாள் தூக்க கலக்கத்தோடு கட்டிங் மெஷின் முன்னால் நிற்பவர் விரல்களை யார் காப்பாற்றுவது?

கனவு ஏன் மிரட்டுது?

கண் மூடி இருக்கும்போதே கருவிழி வேகமாக உருளும் ஒரு கட்டம் தூக்கத்தில் உண்டு. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். நிகோடின் அந்த கட்டத்தை குறைக்கிறது. பழக்கத்தை நிறுத்தியதும், அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி அது எகிறி வரும். அதனால்தான் விட்ட புதிதில் கனவுகள் நேரில் நடப்பது போல இருக்கும்.

லண்டனில் புகையை நிறுத்தி 1 முதல் 4 வாரம் ஆன 293 பேரிடம் விசாரித்தார்கள். 1991-ல் வெளியான அந்த ஆய்வில், 33 சதவீதம் பேர் சிகரெட் பிடிப்பது போல கனவு கண்டதாக சொன்னார்கள். அதுவும் எப்படி? கனவில் பிடித்துவிட்டு, ‘ஐயோ, விட்டதை மறுபடி தொட்டுட்டோமே’ என்று பதறி இருக்கிறார்கள்.

பலர் கவிழ்வது இந்த இடத்தில்தான். தூக்கம் இல்லை, கெட்ட கனவு, காலையில் எரிச்சல். ‘விட்டது உடம்புக்கு ஒத்துக்கலை’ என்று மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் அது உடம்பு பழைய நிலைக்கு திரும்புவதன் அறிகுறி. முதல் வாரம்தான் கடுமை. பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் அடங்கிவிடும், கனவு மட்டும் சிலருக்கு அப்பப்ப எட்டிப் பார்க்கும்.

பழக்கத்தை விட நிகோடின் பட்டை ஒட்டுபவர்களுக்கும் இப்படி கனவு வரும். ராத்திரி படுக்கும் முன் பட்டையை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டால் வழி சொல்வார்.

டீ பிரியர்களுக்கு இன்னொரு சங்கதி. பீடி, சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள், டீ-காபியில் உள்ள காபீனை உடம்பில் இருந்து சீக்கிரம் வெளியேற்ற வைக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே 6 டீ, இப்போது இரண்டு மடங்கு வேலை காட்டும். நிகோடினை திட்டிக்கொண்டே படுத்து புரள்பவர், சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் டீயை நிறுத்தி பார்க்கலாம்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். வேற எங்கேயும் தேட வேண்டாம், பீடி கட்டிலும் சிகரெட் பாக்கெட்டிலுமே இந்த நம்பரை அச்சடித்து இருக்கிறார்கள்.