டென்னிஸ் பயிற்றுநர்களுக்கு வெளிநாட்டுப் பயிற்சி: விமானம் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மாசாய் – பள்ளி நாள்களில் மாவட்ட அளவில் டென்னிஸ் ஆடிய ஓர் இளைஞர், இப்போது தாமான் ரிந்திங்கிலோ பண்டார் ஸ்ரீ ஆலாமிலோ சனி, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கணக்கில் வாங்கும் கட்டணம்தான் அவருடைய வருமானம். கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. ஸ்பெயினில் இரண்டு வாரப் பயிற்றுநர் பயிற்சி, முடிவில் அனைத்துலகச் சான்றிதழ். விமானச் சீட்டு, தங்குமிடம், கட்டணம் என்று கூட்டிப் பார்த்தால் சேமிப்பு மொத்தமும் கரைந்துவிடும். அவர் இல்லாத நாள்களில் வகுப்பும் நடக்காது. பிள்ளைகள் வேறு இடம் தேடிப் போய்விடவும் கூடும். அவர் போகலாமா?

போகலாம். ஆனால் சாங்கியிலோ செனாயிலோ விமானம் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே இருக்கிறது. அந்த வரிசை தெரியாமல் பணத்தைக் கட்டினால், கடைசியில் கையில் மிஞ்சுவது சுவரில் மாட்டும் ஒரு தாளாக இருந்துவிடலாம்.

ஐடிஎஃப் எனப்படும் அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் 1913-இல் தொடங்கப்பட்டது. லண்டனில் தலைமையகம் கொண்ட அந்த அமைப்பு, பயிற்றுநர்களுக்கென்று ஒரு படிநிலையை வகுத்திருக்கிறது. ‘பிளே டென்னிஸ்’ என்பது அடிப்படை வகுப்பு. அதற்கு மேல் மூன்று நிலைகள். முதல் நிலை, தொடக்க மற்றும் இடைநிலை ஆட்டக்காரர்களுக்குக் கற்பிப்போருக்கானது. இரண்டாம் நிலை, தேர்ந்த ஆட்டக்காரர்களைக் கையாள்வோருக்கு. மூன்றாம் நிலை, உயர்தரப் போட்டிகளில் ஆடுவோரை உருவாக்குவோருக்கு. முந்தைய நிலையோ அதற்கு ஈடான தகுதியோ இல்லாமல் அடுத்ததில் சேர முடியாது.

பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. தொடக்க நிலை வகுப்புகளை அந்தந்த நாட்டு டென்னிஸ் சங்கமே, ஐடிஎஃப் அங்கீகரித்த விரிவுரையாளர்களைக் கொண்டு நடத்துகிறது. மலேசியாவில் அந்தச் சங்கம் ‘டென்னிஸ் மலேசியா’. ஆக, முதல் நிலைக்காக யாரும் கடல் கடக்கத் தேவையில்லை. மாசாயிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்துக் கட்டணம் போதும். மேல்நிலை வகுப்புகள்தாம் பல நாட்டுப் பயிற்றுநர்களை ஒரே இடத்தில் திரட்டி நடத்தப்படுகின்றன. வெளிநாட்டுப் பயணத்துக்கு உண்மையான தேவை அங்கேதான் பிறக்கிறது.

உள்நாட்டில் முடிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. எஸ்பிகேகே என்று அறியப்படும் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் அது. விளையாட்டு அறிவியல் தனியாக, குறிப்பிட்ட விளையாட்டின் நுணுக்கம் தனியாக, இரண்டும் மூன்று நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. தசை, இதயத் துடிப்பு, சத்துணவு, காயம் பற்றிய அடிப்படை இங்கேயே கிடைத்துவிட்டால், வெளிநாட்டு வகுப்பின் முதல் நாளில் திகைத்து நிற்க வேண்டியிருக்காது.

ஐடிஎஃப்-க்கு வெளியேயும் வழிகள் உண்டு. டென்னிஸ் வேன் டெர் மீர் 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிடிஆர் அமைப்பு பல நாடுகளில் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. டென்னிஸ் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தப் படிநிலை இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய அகாடமிகள் சிலவும் பயிற்றுநர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இவற்றில் சேரும் முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுவது நல்லது. இந்தச் சான்றிதழை மலேசியச் சங்கம் எந்த நிலைக்கு ஈடாக ஏற்கும்? அகாடமியின் பெயர் எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கேள்விதான்.

இவ்வளவு சிரமப்பட்டுப் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்போர் உண்டு. தமிழர்களுக்கு டென்னிசில் பெருமை தேடித் தந்த ராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி.கே. ராமநாதனிடம் பழகியவர். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவருடைய மகன் ரமேஷும் 1979-இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். வித்தை வீட்டுக்குள்ளேயே கைமாறியது. 1985-இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அம்ரித்ராஜ் திட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. அங்கே சேர்ந்த லியாண்டர் பயஸ் 1990-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். பாசீர் கூடாங் தொழிற்சாலையில் சுழல்முறை வேலை பார்க்கும் பெற்றோருக்கும், விடியுமுன் சிங்கப்பூருக்குப் புறப்படும் பெற்றோருக்கும் பிறந்த பிள்ளைக்கு ராமநாதனைப் போல ஓர் அப்பா அமைவது அரிது. அந்தப் பிள்ளைக்குத்தான் முறையாகப் படித்த பயிற்றுநர் தேவைப்படுகிறார்.

சரி, அந்த வகுப்புகளில் அப்படி என்ன சொல்லித் தருகிறார்கள்?

நம் திடல்களில் பழக்கப்பட்ட காட்சி இது. பயிற்றுநர் கூடை நிறையப் பந்துகளோடு வலையருகே நிற்பார். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு ஐந்து பந்து, பிறகு வரிசையின் கடைசிக்கு ஓட்டம். 12 பிள்ளைகள் உள்ள ஒரு மணி நேர வகுப்பில், ஒரு பிள்ளைக்கு மட்டையோடு கிடைப்பது 5 நிமிடம்தான். மற்ற 55 நிமிடமும் வெயிலில் நின்று முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்ப்பதில் போகிறது.

ஐடிஎஃப் பாடத்திட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. முதலில் ஆடவிட வேண்டும், அடியைத் திருத்துவது பிறகு. ஆட்டத்தில் ஐந்தே ஐந்து சூழல்கள் உண்டு என்று அது பிரித்துக் காட்டுகிறது: சர்வ் போடுவது, சர்வைத் திருப்புவது, இருவரும் பின்கோட்டில் நின்று ஆடுவது, தான் வலையை நெருங்குவது, எதிராளி வலைக்கு வரும்போது சமாளிப்பது. பிள்ளை எந்தச் சூழலில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் தேவையான அடியை மட்டும் எடுத்துத் திருத்துவதுதான் பயிற்றுநரின் வேலை. ‘மட்டையை இப்படிப் பிடி’ என்று தொடங்குவதற்கும், ‘அவன் வலைக்கு வந்தால் நீ பந்தை எங்கே அனுப்புவாய்?’ என்று தொடங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளையின் முகத்திலேயே காணலாம்.

அடுத்தது உடலியக்க அறிவியல். சமநிலை, நிலைமம், எதிர்விசை, உந்தம், மீள் ஆற்றல், ஒருங்கிணைப்புச் சங்கிலி ஆகிய ஆறையும் ஆங்கில முதலெழுத்துகளால் ‘பயோமெக்’ என்று சுருக்கிக் கற்பிக்கிறார்கள். பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. சர்வ் போடும்போது கால் தரையை அழுத்துகிறது, தரை உடலைத் திருப்பி உந்துகிறது. அந்த விசை இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறி மட்டைக்குப் போய்ச் சேர்கிறது. கால் வேலை செய்யாத பிள்ளை அந்த விசை முழுவதையும் தோளிலிருந்து எடுக்கப் பார்க்கும். சில மாதங்களில் தோள் வலிக்கிறது என்று சொல்லும். படிக்காத பயிற்றுநர் ஓய்வெடு என்பார். படித்தவர் முழங்காலைப் பார்ப்பார். வளரும் வயதுப் பிள்ளைகளை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம் என்பதால், பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் இது.

மதிப்பீடும் எளிதல்ல. எழுத்துத் தேர்வு ஒரு பகுதி. விரிவுரையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான குழு ஒன்றுக்குப் பாடம் நடத்திக் காட்டுவது இன்னொரு பகுதி. சொந்த ஆட்டத்திறனையும் பார்ப்பார்கள். ஐடிஎன் எனும் அனைத்துலக அளவுகோல் ஆட்டக்காரர்களைத் தொடக்கநிலையான 10-இலிருந்து உச்சமான 1 வரை வரிசைப்படுத்துகிறது. பல ஆண்டுகளாகப் பந்து கொடுத்துக்கொண்டே இருந்து, தாம் ஆடுவதை விட்டுவிட்ட பயிற்றுநர்கள் இங்கே சறுக்குவதுண்டு. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பாவது மீண்டும் போட்டி ஆடத் தொடங்கிவிடுவது நல்லது. பாடத்திட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதும் அப்படித்தான். நம் பிள்ளைகளிடம் தமிழும் மலாயும் கலந்து சரளமாகப் பேசுபவர், மதிப்பீட்டாளர் முன்னால் ‘முழங்காலை மடக்கு’ என்பதற்கு ஆங்கிலம் தேடி நின்றுவிடக் கூடாது.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது, அதை நாடுவோர்தான் குறைவு. அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் ‘ஒலிம்பிக் சாலிடாரிட்டி’ பிரிவு, பயிற்றுநர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் பெற உபகாரச் சம்பளம் வழங்குகிறது. தனிநபர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. டென்னிஸ் மலேசியாவின் ஆதரவோடு, 1953-இல் உருவான மலேசிய ஒலிம்பிக் மன்றத்தின் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அதே பிரிவு, நிபுணரை ஒரு நாட்டுக்கு அனுப்பி அங்கேயே பயிற்றுநர் வகுப்பு நடத்தவும் நிதி தருகிறது. அப்படி ஒரு வகுப்பு நடந்தால் கடப்பிதழே தேவையில்லை.

ஆனால் சங்கம் யாரை முன்மொழியும்? தனக்குத் தெரிந்தவரைத்தான். மாநிலச் சங்கத்தில் பெயர் பதிந்து, வட்டாரப் போட்டிகளில் உதவி, தாம் நடத்திய வகுப்புகளுக்குப் பதிவேடு வைத்திருப்பவரை அது அறியும். எவ்வளவு திறமை இருந்தாலும் தனியாக நடத்திக்கொண்டிருப்பவரை அறியாது. நம் இளைஞர்கள் பலர் பின்தங்குவது இந்த இடத்தில்தான். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த நாளில் என்ன பாடம் என்று ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதி வைத்தாலே அது சான்று. இன்றே தொடங்கலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை.

பயணத்துக்கான சில்லறை விவரங்களும் இருக்கின்றன. மலேசியக் கடப்பிதழுக்கு ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. அமெரிக்காவுக்குத் தேவை. சிறுவர்களோடு பழகும் பணி என்பதால் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கப்படலாம். அதை நம் வெளியுறவு அமைச்சு வழங்குகிறது, கடைசி வாரத்தில் ஓடக் கூடாது. விளையாட்டுக் காயங்களுக்கும் பொருந்தும் காப்புறுதியா என்று பார்த்து எடுக்க வேண்டும். ஸ்பெயினில் பெரும்பாலும் செம்மண் திடல். பந்து மெதுவாக வந்து உயரமாக எழும்பும், கால் சறுக்கிக்கொண்டே நிற்கும். ஜொகூரின் கடினத் திடலில் பழகியவர் அதற்கேற்ற காலணி எடுத்துப் போகாவிட்டால் முதல் நாளே சிரமப்படுவார். இன்னொன்று, எந்த நாட்டுச் சான்றிதழும் வேலை அனுமதி ஆகாது. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் பயிற்றுநராகச் சம்பாதிக்க அந்நாட்டின் வேலை அனுமதி தனியாக வேண்டும்.

திரும்பி வந்தபின் முதலில் பயன்படப்போவது, அநேகமாக, மிகச் சாதாரணமான ஒரு பாடமாக இருக்கும். வேகம் குறைந்த பந்துகள் அவை. வழக்கமான மஞ்சள் பந்தைவிடச் சிவப்புப் பந்து 75 விழுக்காடும், ஆரஞ்சு 50 விழுக்காடும், பச்சை 25 விழுக்காடும் மெதுவானவை. 2012 முதல், 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஐடிஎஃப் விதி. சிவப்புப் பந்துக்கான திடல் ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், 5 முதல் 6 மீட்டர் அகலம், வலை 80 செண்டிமீட்டர் உயரம். நம் தமிழ்ப்பள்ளிகளில் டென்னிஸ் திடல் இருப்பது அரிது, ஆனால் பூப்பந்துக் கோடுகள் போட்ட தரையைப் பல இடங்களில் காணலாம். பூப்பந்துத் திடல் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சிவப்புத் திடல் அதற்குள் அடங்கிவிடும்.

கீழ்நிலைப் பிள்ளைகளாக இருந்தால் வலையும் வேண்டாம். திடலின் நீளவாக்கில் நடுவே ஒரு நாடாவை இழுத்துக் கட்டினால், குறுக்கே நான்கு சிறு திடல்கள் கிடைக்கும். 12 பேர் கொண்ட வகுப்பில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், நான்கு பேர் புள்ளி எண்ணலாம். மாற்றி மாற்றி விட்டால், அதே ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஆடும் நேரம் 40 நிமிடம்.