எழுத்தைக் கொஞ்சம் கீழ இறக்குங்க!

சாமியார் உடம்பைக் காணோம் சார்!

தலை இருக்கிறது. இரண்டு கைகள் இருக்கின்றன. நடுவில் உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் பாடகர் குழு நின்று பாடிக்கொண்டிருக்கிறது. பெரியதாழைப் பக்கம் ஒரு கோயிலின் ஞாயிறு பூசை. யூடியூப் நேரலையில் அடியேன் நிகழ்த்திய அற்புதம் இது!

'பி.காம். படித்தவனுக்கு ஏன்யா இந்த வேலை?' என்பீர்கள். எல்லாம் கொரோனா உபயம். 2020 ஜூலை 26-ல் தூத்துக்குடி பனிமய மாதா கோயில் கொடியேற்றமே பக்தர்கள் இல்லாமல் நடந்தது. ஜனங்கள் வீட்டிலிருந்தபடி நேரலையில் கும்பிட்டார்கள். கொரோனா போய்விட்டது; கேமரா போகவில்லை. கப்பலிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் விட்டால்தானே!

2019-ல் பிளாக்மேஜிக் கம்பெனி 'ஏட்டெம் மினி' என்று ஒரு ஸ்விட்சரை 295 டாலருக்கு இறக்கியது. ஜியாமெட்ரி பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிசு. நாலு எச்.டி.எம்.ஐ. ஓட்டை. எங்களிடமும் அந்த ஜாதியில் ஒன்று. இரண்டு ஓட்டையில் கேமரா, மூன்றாவதில் பாட்டு வரிகள் வருகிற லேப்டாப்.

சிக்கல் இங்கேதான். அந்த ஒயர் படத்தை மட்டும்தான் கொண்டுவரும். 'இது எழுத்து, இது வெற்றிடம்' என்று பிரித்துச் சொல்லாது. அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை அனுப்பி, 'கறுப்பை வெட்டி எறி' என்று ஸ்விட்சருக்கு உத்தரவு போட வேண்டும். இது லூமா கீ. பச்சைப் பின்னணி வைத்துப் பச்சையை வெட்டினால் குரோமா கீ. நான் பச்சையை வைத்தேன். ஆனால், வெட்ட வேண்டிய படம் லேப்டாப் என்பதற்குப் பதில் முதல் கேமரா என்று தட்டிவிட்டேன். அன்று பொதுக்கால ஞாயிறு. சாமியார் உடுத்தியிருந்தது பச்சைத் திருவுடை. புரிகிறதா? பச்சை போன ஓட்டை வழியாக, இரண்டாவது கேமராவில் இருந்த பாடகர் குழு எட்டிப் பார்த்தது!

தூர்தர்ஷன் காலமாக இருந்தால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையை வைத்துத் தப்பித்திருப்பேன்.

தமிழ் எழுத்து வேறு தனித் தொல்லை. சில சாஃப்ட்வேர்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். இப்போதெல்லாம் வேறொன்றில் சரியாக அடித்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக்கி, ஸ்விட்சரின் மீடியா பூலில் ஏற்றிவிடுகிறேன். படமாகிவிட்டால் எழுத்து கலையாது. வெட்டுகிற வேலையும் மிச்சம். எது வெற்றிடம் என்று அந்தப் படத்துக்கே தெரியும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு அடக்கப் பூசை. இறந்தது ஒரு தாயார். ஒரே மகன் கப்பலில். வந்து சேர வழியில்லை. செல்போனில்தான் பார்க்கப் போகிறான். பெயரில் ஒரு புள்ளி பிசகக்கூடாது என்று வீட்டுப் பெரியவரிடம் இரண்டு தடவை எழுதிக் காட்டினேன். பெயர், வயது, ஊர். கீழே அழகான கறுப்புப் பட்டை. பூசை முடியும்வரை எடுக்கவே இல்லை. மரியாதை என்று நினைப்பு!

மறுநாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, அம்மா பேரைச் சரியாப் போட்டிருந்திய. சந்தோசம்."

"பரவாயில்ல தம்பி..."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடல் காற்று மட்டும்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே? பெட்டி இருந்தது படத்துல அடியில. அந்தப் பட்டை அம்மா முகத்து மேலயே நின்னுட்டு. எழுத்தைக் கொஞ்சம் கீழ இறக்கியிருந்தியன்னா..."

ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரமும் அப்படித்தான் இருந்தது. அந்த பட்டனுக்குப் பக்கத்தில்தான் என் விரல் இருந்திருக்கிறது.

இப்போது அடக்கப் பூசை என்றால் பெயரை ஆரம்பத்தில் பத்து விநாடி போடுகிறேன். அப்புறம் எடுத்துவிடுகிறேன். கேமரா பிடிக்கிற பையனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: "முகத்துக்குக் கீழே ஒரு சாண் இடம் விடுல."